வாசகர் கேள்வி பதில்: எரிவது எவ்வளவு, ஓடுவது எவ்வளவு?

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். புதிதாக வாங்கிய டீசல் நான்கு சக்கர இயக்கி வண்டியில், புகை வடிகட்டிக்கான விளக்கு அடிக்கடி எரிகிறது. அந்த வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு, புகை மறுசுழற்சிக் குழாயையும் தகடு வைத்து அடைத்துவிட்டால் தொல்லையும் தீரும், டீசலும் மிச்சமாகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வண்டியில் கோளாறு எதுவும் தெரியவில்லை; அது ஓடும் விதம்தான் அதற்கு ஒத்துவரவில்லை. இதே கேள்வியோடு எங்கள் ஊர்ப் பட்டறைக்கு வருகிறவர்கள் பலர். அவர்களில் சிலர் வடிகட்டியை வெட்டி எடுத்த பிறகே வருகிறார்கள் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று மட்டும் இழுக்கப்பட்டு, பதினைந்து, பதினாறு மடங்கு அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசல் தூறலாகப் பாய்ந்ததும் தானே பற்றிக்கொள்கிறது. தூறலின் நடுப்பகுதியில் காற்று போதாது. அங்கே எரிபொருள் அரைகுறையாக எரிந்து கரியாகிறது. தூறலின் ஓரத்தில் காற்று தாராளம். அங்கே வெப்பம் மிக உயர்ந்து, காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் என்னும் நச்சு வாயுக்களாகின்றன. கரியை ஒழிக்க வெப்பத்தைக் கூட்டினால் நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது. அதைத் தணிக்க வெப்பத்தைக் குறைத்தால் கரி கூடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் வழி கண்டுபிடிப்பதில்தான் டீசல் பொறியியலாளர்கள் பல்லாண்டுகளாகப் பாடுபட்டு வருகிறார்கள்.

முதல் வழி, தூறலை நுண்மையாக்குவது. 1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் லோரிகளுக்கும், 1997இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் கார்களுக்கும் கொண்டுவந்த காமன் ரெயில் முறையில், டீசல் ஒரே குழாயில் கடும் அழுத்தத்தில் காத்திருக்கிறது. இன்றைய வண்டிகளில் அந்த அழுத்தம் 2,000 பாரையும், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 2,000 மடங்கையும், தாண்டுகிறது. கணினி கட்டளையிட்டதும் ஒரே சுற்றில் மூன்று, நான்கு தவணைகளாக டீசல் பாய்கிறது. முதலில் பாயும் சிறுதுளி அடுத்து வரும் பெருந்தூறலுக்குக் களம் அமைத்துக் கொடுப்பதால், பழைய டீசல் லோரிகளின் அந்தக் கடகட ஓசையும் குறைந்தது. இரண்டாம் வழி, உங்கள் மெக்கானிக் அடைக்கச் சொல்லும் அதே குழாய். அது புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்துச் சிலிண்டருக்குள் திருப்பி அனுப்புகிறது. எரிந்து முடிந்த அந்த வாயு மறுபடி எரியாது, வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். அதனால் உச்ச வெப்பம் தணிந்து நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது. அதற்கு விலையாகக் கூடும் கரியை மூன்றாவதாக வரும் வடிகட்டி பிடித்துவைக்கிறது. ஆகவே குழாயும் வடிகட்டியும் தனித்தனியாக ஒட்டவைத்த உறுப்புகள் அல்ல. எஞ்சின் எரியும் முறையே அவற்றைக் கணக்கில் வைத்து அமைக்கப்பட்டது.

வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. தோட்டத்துச் செம்மண் சாலையில் வரிசைக்கு வரிசை நின்று நின்று ஊர்ந்து போகும் வண்டியின் புகை அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. கணினி கூடுதலாக டீசல் பாய்ச்சிச் சூடேற்றப் பார்க்கும். பாதி வேலையில் நீங்கள் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பிவிடுவீர்கள். இப்படிப் பலமுறை நடந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் எண்ணெயில் கலக்கிறது. நாளைக் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் அளவுகோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருந்தால், துளி எடுத்து விரலில் தேய்க்கையில் நீர்த்துப்போய் டீசல் வாடை வீசினால், உடனே எண்ணெயை மாற்றிவிடுங்கள். எண்ணெய் குறைந்தால் பதறுகிற நாம், கூடினால் கவலைப்படுவதில்லை. இந்த வகை எஞ்சினில் கூடுவதும் ஆபத்துதான்.

தீர்வு எளிது. வாரத்தில் ஒருநாள் கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி, புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தைக் கடந்து சங்காட் ஜெரிங் வரை நிற்காமல் ஓட்டிவிட்டுத் திரும்புங்கள். அந்த ஏற்றத்தில் எஞ்சின் தரும் உழைப்பே வடிகட்டிக்குத் தேவையான சூட்டைக் கொடுத்துவிடும். எண்ணெய் மாற்றும்போது, சாம்பல் குறைந்த வகை என்று கையேட்டில் குறித்திருக்கும் எண்ணெயையே ஊற்றச் சொல்லுங்கள். கரியை எரிக்க முடியும், எண்ணெய்ச் சாம்பலை எரிக்க முடியாது, அது வடிகட்டியிலேயே தங்கிவிடும். விளக்கு எரிந்தபடியே இருந்தால், கணினிக் கருவியை இணைத்து நின்ற நிலையிலேயே கரியை எரிக்கச் செய்ய முடியும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக் கொடுக்கும் இடங்களும் உண்டு.

வடிகட்டியை எடுத்தால் எக்சாஸ்ட் தடை குறையும், அதனால் சிறிது டீசல் மிச்சமாகும் என்பது உண்மைதான். 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய பிறகு, அந்தச் சிறிதும் பெரிதாகத் தெரிவதை நான் உணர்கிறேன். ஆனால் வடிகட்டி இல்லாத வண்டி கக்கும் நுண்கரி கண்ணுக்குத் தெரியாத அளவுடையது. நுரையீரலின் அடிவரை போகக்கூடியது. காலையில் லயத்து வாசலில் பள்ளி வேனுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் முகத்துக்கு நேரேதான் உங்கள் வண்டி புகை விடும். டீசல் வண்டிகளின் புகைக்கு 1996ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் சட்டவிதி இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு வந்த புதிய லோரிக்கு டீசலோடு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டுமாம். உரக்கிடங்கில் மூட்டை மூட்டையாக யூரியா இருக்கிறது. அதைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன? — கிராணி ஒருவர், கோலகங்சார்.

பதில்: கேள்வி நியாயமானது, ஆனால் ஊற்றிவிடாதீர்கள். அந்தக் கரைசலில் 32.5 விழுக்காடு யூரியா, மீதி தூய நீர். சூடான புகையில் அது தெளிக்கப்படும்போது அம்மோனியாவாகப் பிரிந்து, வினையூக்கியின் மேற்பரப்பில் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. இந்த முறையால் எஞ்சினுக்குள் வெப்பத்தை உயர்த்திச் சிக்கனமாக எரிக்க முடிகிறது. அழுக்கைப் பின்னால் குழாயில் சுத்தம் செய்துகொள்ளலாம் என்ற துணிவு அதற்குக் கிடைக்கிறது. உர யூரியாவிலோ, மணிகள் ஒட்டாமலிருக்கப் பூசிய பொருள்களும், பையுரெட் என்னும் துணைப்பொருளும், உலோக அழுக்குகளும் உண்டு. அனைத்துலகத் தரவிதி, கரைசலில் பையுரெட் 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால் தெளிப்பான் முனையில் வெள்ளைப் படிவு கட்டும். உலோகங்கள் வினையூக்கியையே செயலிழக்கச் செய்யும். அதை மாற்றும் செலவில் பல ஆண்டுகளுக்குத் தேவையான கரைசலை வாங்கிவிடலாம். குழாய்த் தண்ணீரும் ஆகாது.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அறிவியல் பாடத்தில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "பெட்ரோலில் இருக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போகிறதா, டீச்சர்?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். "அப்படியானால் மீதியை ஏன் பிடிக்க முடியவில்லை?" என்றாள். என்ன சொல்வது?

பதில்: அந்தச் சிறுமிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். 1824இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் சாடி கார்னோ எழுப்பிய கேள்வியும் ஏறக்குறைய இதுவே. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எஞ்சினும் தன் வெப்பத்தில் ஒரு பகுதியைக் குளிர்ந்த பக்கத்துக்கு விட்டே ஆக வேண்டும், அதிலிருந்து தப்ப வழியில்லை என்று அவர் காட்டினார். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. நல்ல நிலையில் ஓடும் வழக்கமான எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக்குகிறது. மீதி, புகையோடும் ரேடியேட்டர் நீரோடும் போய்விடுகிறது. ஊருக்குள் சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு நின்று போகையில் இந்தப் பங்கு இன்னும் குறையும். நின்றபடி ஓடும் எஞ்சினில் அது சுழி.

ஆனால் இயற்கை விதித்த எல்லை வேறு, நாம் நிற்கும் இடம் வேறு. இடைவெளி இன்னும் பெரிது. அதில்தான் இன்றைய ஆராய்ச்சி நடக்கிறது. 1876இல் நிக்கோலாஸ் ஓட்டோ அமைத்த நான்கு வீச்சு எஞ்சினில், கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறோமோ அந்த அளவுக்குப் பயன் கூடும். இழப்பே இல்லாத ஏட்டுக் கணக்கில், 10 மடங்கு அழுத்தினால் 60 விழுக்காடு, 14 மடங்கு அழுத்தினால் 65 விழுக்காடு. பிறகு ஏன் எல்லோரும் 14க்குப் போகவில்லை? அழுத்தம் மிகுந்தால், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன்பே மூலையிலிருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். எஞ்சின் உலோகத் தட்டல்போல ஒலிக்கும், பிஸ்டன் சேதமாகும். மஸ்டா நிறுவனம் 2011இல் தன் ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் எஞ்சினை 14 மடங்கு அழுத்தத்தில் கொண்டுவந்தபோது, சிலிண்டரில் தங்கிவிடும் சூடான பழைய புகையை முழுமையாக வெளியேற்ற நீண்ட எக்சாஸ்ட் குழாய்களை அமைத்தும், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பாய்ச்சிக் குளிர்வித்தும் அந்தத் தட்டலை அடக்கியது. நிசான் இன்னொரு வழியில் போனது. அதன் ஓர் எஞ்சினில் பிஸ்டன் ஏறும் உயரமே மாறும், தேவைக்கேற்ப 8 மடங்கிலிருந்து 14 மடங்கு வரை.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய வழி ஒன்று. 1882இல் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர், கலவையை அழுத்தும் வீச்சைவிட எரிந்த வாயு விரியும் வீச்சு நீளமாக இருந்தால் புகையோடு வீணாகும் சக்தி குறையும் என்று கண்டார். அவருடைய எஞ்சினின் இணைப்புத் தண்டுகள் சிக்கலானவை, அது நிலைக்கவில்லை. இன்று அதே பலனை, உள்வாங்கும் வால்வைத் தாமதமாக மூடுவதன் மூலம் எளிதாகப் பெறுகிறோம். உள்ளே வந்த கலவையில் கொஞ்சம் திரும்பிப் போய்விடுவதால் இழுவிசை குறையும். அந்தக் குறையை மின் மோட்டார் ஈடுகட்டினால் வண்டிக்குத் தெரியாது. இன்றைய ஹைப்ரிட் கார்கள் பலவும் இந்த இணைப்பில்தான் பிறந்தவை. டொயோட்டாவின் 2.5 லிட்டர் ஹைப்ரிட் எஞ்சின் தன் உச்சத்தில் 41 விழுக்காட்டை எட்டுகிறது. நம் சாலைகளில் ஓடும் ஹோண்டா சிட்டியின் ஹைப்ரிட் வகையிலும் எஞ்சின் இந்த முறையில்தான் இயங்குகிறது. ஊருக்குள் பெரும்பாலும் அது மின்சாரம் உண்டாக்கும் வேலையையே செய்கிறது.

இதற்கும் மேலே போக முடியும். பெட்ரோல் குறைவாகவும் காற்று மிகுதியாகவும் உள்ள மெலிந்த கலவையை எரித்தால் வெப்பம் சுவர் வழியே வீணாவது குறையும், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் கதவு வழியாகக் காற்றை இழுக்கும் சிரமமும் குறையும். இடையூறு இரண்டு. மெலிந்த கலவை எளிதில் பற்றாது. அத்துடன், பெட்ரோல் வண்டியின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு பிசகாமல் இருந்தால்தான் புகையிலுள்ள மூன்று வகை நச்சுகளையும் ஒருசேர நீக்கும். காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு அதைக் கடந்து போய்விடும். 2019இல் மஸ்டா விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கைஆக்டிவ் எக்ஸ் எஞ்சினில், சிறு தீப்பொறி ஒரு சுடரை உண்டாக்குகிறது; அந்தச் சுடரின் அழுத்தம் மற்ற மெலிந்த கலவையை டீசல் போலத் தானே பற்றவைக்கிறது. 2017இல், நம் பெட்ரோனாஸ் பெயரைத் தாங்கி ஓடும் மெர்சிடிஸ் பார்முலா ஒன் அணி, தன் பந்தய எஞ்சின் சோதனை மேடையில் 50 விழுக்காட்டைக் கடந்துவிட்டதாக அறிவித்தது. உங்கள் மாணவியிடம், "பாதியைப் பிடித்துவிட்டார்கள், ஆனால் பந்தயத் திடலில்தான்; கடைவீதிக்குக் கொண்டுவரும் வேலை மிச்சம் இருக்கிறது" என்று சொல்லுங்கள்.

கேள்வி: பெரோடுவா மைவி காருக்கு 97 பெட்ரோல் ஊற்றினால் வேகமும் சிக்கனமும் கூடுமா?

பதில்: கூடாது. 95, 97 என்ற எண்கள் தட்டலைத் தாங்கும் திறனைக் குறிப்பவை. லிட்டருக்கு எவ்வளவு சக்தி என்பதை அல்ல. உங்கள் எஞ்சின் 95க்கு என்றே அமைக்கப்பட்டது. அந்தப் பணத்தில் டயர் காற்றைச் சரிபார்த்து, காற்று வடிகட்டியை மாற்றுங்கள்.

கேள்வி: மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர், அதற்கு மேல் ஒரு டர்போ. இவ்வளவு சிறிய எஞ்சின் எத்தனை நாள் தாங்கும்? பெரோடுவா அத்திவா வாங்க நினைக்கிறேன். — லோரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்.

பதில்: எண்ணெயைக் கவனித்தால் தாங்கும். எஞ்சினைச் சிறிதாக்குவதன் நோக்கம் இதுதான்: பெரிய எஞ்சின் மெதுவாக ஓடும்போது பாதித் திறனில் சோம்பி எரிகிறது, உராய்வும் அதிகம், சிறிய எஞ்சின் அதே வேலையை முழு மூச்சோடு செய்யும்போது லிட்டருக்கு அதிகத் தொலைவு போகும். தேவைப்படும்போது, வீணாய்ப் போகும் புகையைக் கொண்டு சுழலும் டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும். அத்திவாவின் எஞ்சின் தரும் 98 குதிரைத்திறனும் 140 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் இதன் விளைவு; அந்த இழுவிசை நிமிடத்துக்கு 2,400 சுற்றிலேயே கிடைத்துவிடுவதால் ஏற்றத்தில் அலற வேண்டியதில்லை.

டர்போ எஞ்சினில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. மெதுவான சுற்றில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால், பிஸ்டன் ஓரத்தில் ஒட்டிய எண்ணெய்த்துளி தீப்பொறிக்கு முன்பே பற்றி, ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு அழுத்தம் எழக்கூடும். இதைத் தடுக்கும் சோதனையில் தேறிய எண்ணெய்களின் டப்பாவில், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2020இல் கொண்டுவந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரக்குறி இருக்கும், மலிவு எண்ணெயை வாங்கும்போது அந்தக் குறியைத் தேடுங்கள். இரண்டாவது, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பாய்ச்சும் எஞ்சின்களுக்கு உரியது; 2020இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50இன் உயர்ந்த வகை அத்தகையது. அங்கே பெட்ரோல் உள்வாங்கும் வால்வைக் கழுவுவதில்லை, ஆதலால் வால்வின் முதுகில் எண்ணெய்க் கரி படியும். பல்லாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு அதைச் சுத்தம் செய்ய நேரும். அத்திவாவில் பெட்ரோல் வால்வுக்கு முன்பே பாய்வதால் அந்தக் கவலை இல்லை. தோட்டத்து ஊரில் பராமரிப்பதற்கு எளிய எஞ்சின் எது என்று கேட்டால், நான் அத்திவாவையே சொல்வேன்.

கேள்வி: மின்கார்கள் வந்துவிட்டன. இனி எஞ்சின் ஆராய்ச்சி எதற்கு?

பதில்: ஊருக்குள் ஓடும் காருக்கு மின்சாரமே மேல் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் பழக்குலை ஏற்றும் லோரியும், மலைச்சரிவில் இழுக்கும் டிராக்டரும் இன்று வாங்கினால் இருபது ஆண்டு ஓடும். அவை இருபது ஆண்டும் எப்படி எரிக்கும் என்பதை இன்றே தீர்மானித்தாக வேண்டும். 2021இல் டொயோட்டா, ஜப்பானின் பூஜி 24 மணிநேரப் பந்தயத்தில் ஹைட்ரஜனை நேரே எரிக்கும் எஞ்சினோடு ஒரு கொரோலாவை ஓட்டியது. கரியமில வாயு ஏறக்குறைய இல்லை. ஆனால் உயர் வெப்பத்தில் எரிவதால் நைட்ரஜன் ஆக்சைடு அங்கும் உண்டு, மேலே சொன்ன அதே போராட்டம் அங்கும் தொடர்கிறது.

கேள்வி: தோட்டத்துத் தொட்டியில் நிரப்பும் பி10 டீசலால் லோரிகளின் எரிபொருள் வடிகட்டி சீக்கிரம் அடைக்கிறது. செம்பனை எண்ணெய் கலந்ததுதான் காரணமா? — தோட்டப் பட்டறை மெக்கானிக்.

பதில்: கலப்பு மட்டும் காரணமல்ல, தொட்டியும் காரணம். பி10 என்பது 90 பங்கு டீசலில் 10 பங்கு மெத்தில் எஸ்டர், அதாவது செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் எரிபொருள், கலந்தது. அதில் ஆக்சிஜன் இருப்பதால் கரி குறையும். லிட்டருக்கு லிட்டர் சக்தி சிறிது குறைவு என்றாலும் பத்துப் பங்குக் கலப்பில் அது ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். நம்முடைய தோட்டத்தில் விளைந்தது நம் லோரியையே ஓட்டுவதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் எஸ்டருக்கு இரண்டு குணங்கள் உண்டு. அது பழைய தொட்டியின் சுவரிலிருக்கும் அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும். டீசலைவிட அதிக ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பகலில் வெயில், இரவில் குளிர் என்று மாறும் பாதி நிரம்பிய தொட்டியில் மூடியின் அடியில் நீர்த்துளி கட்டி, அடியில் நீராகத் தேங்கும். அந்த நீருக்கும் டீசலுக்கும் இடைப்பட்ட படலத்தில் நுண்ணுயிர்கள் வளரும்.

தொட்டியை ஒரு நாள் அசைக்காமல் விட்டு, அடிக்குழாயைத் திறந்து முதலில் வரும் ஒரு லிட்டரைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். அடியில் தெளிந்த நீர் தனியாக நின்றால், தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டு, தொட்டியை முடிந்தவரை நிரம்பவே வைத்திருங்கள். அடுத்த முறை அடைத்த வடிகட்டியைக் கழற்றும்போது அதை வீசிவிடாமல், உறையை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். செந்நிறத் தூள் ஒட்டியிருந்தால் தொட்டிக்குள் துரு. தொட்டியைக் காலி செய்து சுரண்ட வேண்டும். கறுப்பாக, வழுவழுப்பாக, புளித்த வாடையோடு இருந்தால் நுண்ணுயிர். வடிகட்டியை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது, தொட்டியைக் கழுவி, டீசலுக்கென்றே விற்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லியை அளவோடு கலக்க வேண்டும். மெழுகுபோல வெளுத்த படிவாக இருந்தால் அது எஸ்டரிலிருந்தே பிரிந்தது. அப்போது எரிபொருள் கொண்டுவரும் முகவரிடம் அடுத்த சரக்கின் தரச்சான்றைக் கேட்டு வாங்குங்கள்.